பால் பல்தானே

தமயந்திக்கு யாருடைய முகமும் மனத்தில் நிற்பதில்லை. வாய்தான் நிற்கும். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து கனகம்மாசத்திரம் வரை பேசிக்கொண்டு வந்த பெண்ணை மறுநாள் கடைத்தெருவில் பார்த்தால் அவளுக்கு அடையாளம் தெரியாது. அந்தப் பெண்ணின் இடுப்பில் இருக்கும் குழந்தை வாயைத் திறந்து அழுதால் போதும். மேல் முன்பல் இரண்டிலும் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுப்பு இருந்ததே, நேற்றுப் பார்த்த குழந்தை என்று உடனே தெரிந்துவிடும். பன்னிரண்டு வருஷமாக அவள் இப்படித்தான் இருக்கிறாள்.

ஊர் கே.ஜி.கண்டிகை. வயது நாற்பத்திரண்டு. கணவன் சேட்டு திருத்தணிக்கும் கண்டிகைக்கும் ஆட்டோ ஓட்டுகிறான். முன்பு அவள் வேர்க்கடலை பிடுங்கவும் கரும்பு வெட்டவும் போய்க்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் கூட்டித் துடைக்கும் வேலை. அங்கே கல்பனா என்கிற டாக்டர் குழந்தைகளின் எச்சிலை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியபோது, அழுகிற பிள்ளைகள் எல்லாம் தமயந்தியிடம் மட்டும் அடங்குவதைக் கவனித்து, அவளைக் களவேலைக்கு எடுத்துக்கொண்டார்.

"இன்னா ஆய்வும்மா அது?" என்று யாராவது கேட்டால் தமயந்தி தனக்குப் புரிந்த அளவில் சொல்வாள். "பல்லு ஓட்டையாவறதுதான் கடைசிங்க. அதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே எச்சில்ல தெரியுமாங்க. தெரியுதா இல்லியான்னுதான் பாக்கறாங்க."

எச்சிலில் மூன்று அடையாளங்களைத் தேடினார்கள். முதலாவது, சொத்தையை உண்டாக்கும் கிருமி. எச்சிலை ஒரு கண்ணாடித் தட்டில் தடவி வெதுவெதுப்பான பெட்டியில் இரண்டு நாள் வைத்தால், கிருமி இருக்கிற அளவுக்கு நீலப் புள்ளிகள் முளைக்கும். இரண்டாவது, எச்சிலின் புளிப்பு. ஒரு காகிதத்துண்டில் தொட்டால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் மாறும், சிவப்புத்தான் மோசம். மூன்றாவது, எச்சிலில் இருக்கும் ஒரு வகைப் புரதம். அதற்கு இயந்திரம் ஓர் எண் சொல்லும்.

மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை இருநூற்று நாற்பது குழந்தைகள். பதினோரு அங்கன்வாடிகள். காலையில் எதுவும் சாப்பிடுமுன் எச்சில் எடுக்க வேண்டும். ஆரம்பத்தில் தமயந்தி புளியங்காயைப் பற்றிப் பேசி எச்சில் ஊற வைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அதைத் தடுத்துவிட்டார். ஊற வைத்த எச்சில் வேறாம், தானாகச் சேர்கிற எச்சில் வேறாம். அதிலிருந்து அவள் குழந்தையை முன்னால் உட்கார வைத்து, "தலைய குனிஞ்சி உன் கால் வெரலையே பாத்துகினு இரு. துப்பாதே, முழுங்காதே" என்பாள். குனிந்த வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கிக் குழாயில் விழும். அந்த நேரத்தில் மட்டும் தமயந்தி சுவரைப் பார்ப்பாள்.

எந்த அங்கன்வாடியிலும் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்ததும் கடைசியில் ஒரு தலை கூடுதலாக இருப்பதுபோல் அவளுக்குத் தோன்றும். எண்ணிப் பார்த்தால் சரியாக இருக்கும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை எண்ணாமல் அவள் வேலையைத் தொடங்கியதில்லை.

சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்க வீடுகளுக்குப் போகும்போது பத்து வீட்டில் எட்டு வீட்டில் ஒரே வார்த்தைதான் கேட்கும்.

"பால் பல்லுதானேம்மா? வுழுந்து மொளைக்கப் போவுது."

தமயந்தி பேனாவை நீட்டுவாள். அது ஒரு காலத்தில் அவளே சொன்ன வார்த்தை.

அவள் மகள் பெயர் தணிகைச்செல்வி. ஐந்தரை வயதில் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ஓட்டையாகியிருந்தது. மாதக்கணக்கில் ஒரே பக்கமாக மென்றாள். சாப்பிட வீம்பு பிடிக்கிறாள் என்று தமயந்தி நினைத்தாள். வலி என்று அழுதபோது கிராம்பு வைத்தாள், மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். "பால் பல்லுதான்டி. வுழுந்துட்டா நல்ல பல்லு மொளைக்கும்" என்று கன்னத்தைத் தடவிவிட்டுக் களைவெட்டப் போனாள்.

ஆடிப் பரணியன்று தாடை வீங்கியது. மறுநாள் கிருத்திகை. காலையில் வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் இறங்கியிருந்தது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டது. பிள்ளையால் எதையும் விழுங்க முடியவில்லை. வாயோரத்திலிருந்து எச்சில் நூலாக வடிந்துகொண்டே இருந்தது. சேட்டு விடியலிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு சவாரிக்குப் போய்விட்டான். வருஷத்தில் ஆட்டோக்காரர்களுக்கு அப்படி ஒரு நாள் வேறு கிடையாது. தமயந்தி ஏழு தடவை போன் செய்தாள். பம்பைச் சத்தத்திலும் சனத்தின் இரைச்சலிலும் அவனுக்குக் கேட்கவில்லை.

யாரோ ஒரு ஆள் பைக்கில் ஏற்றிக்கொண்டான். திருத்தணி எல்லையைத் தொட்டதும் வண்டி நகரவில்லை. ரோடு முழுக்கக் காவடி, மஞ்சள் துணி, புஷ்பம். தமயந்தி இறங்கிப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து ஓடினாள். ஜனங்கள் விலகத்தான் செய்தார்கள். விலகிவிட்டு மறுபடி அரோகரா என்றார்கள். காதோரம் கேட்டுக்கொண்டிருந்த மூச்சு எந்த இடத்தில் நின்றது என்பது அந்தச் சத்தத்தில் அவளுக்குத் தெரியாமலே போயிற்று. பகல் பன்னிரண்டு மணி இருக்கும்.

பல்லிலிருந்து இறங்கிய சீழ் மூச்சுக்குழாயை அடைத்துவிட்டது என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொன்னார். ஊரில் சிலர் சாமி குத்தம் என்றார்கள், சிலர் விஷக் காய்ச்சல் என்றார்கள். தமயந்தி எதையும் மறுக்கவில்லை. சேட்டுவும் அவளும் மகளைப் பற்றிப் பேசுவதே நின்றுபோனது. ஒரு வருஷம் கழித்து அவள் பேருந்தில் போகும்போது, கட்டடத்தின் நெற்றியில் பெரிய பல் படம் போட்ட கல்லூரியைப் பார்த்தாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்து, வாட்ச்மேனிடம் ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டாள். ஏன் அங்கே போனாள் என்று சேட்டு கேட்கவில்லை. 

ஆய்வில் குழந்தைகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். பரிசோதனைக்கூடத்தில் இருக்கிற வளவனுக்கு எண் மட்டும் தெரியும். ஒரு வருஷம் கழித்துப் பல்லைப் பார்க்கப் போகிற டாக்டர்களுக்கு எச்சில் முடிவு தெரியக் கூடாது. ஓட்டையோ வலியோ இருக்கிற பிள்ளைகளை அப்போதே வைத்தியத்துக்கு அனுப்பிவிடுவார்கள். மற்றவர்களுக்குத் துலக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்து பிரஷ் கொடுப்பார்கள். எச்சில் என்ன சொன்னது என்பதைப் பெற்றவர்களிடம் சொல்லக் கூடாது. எந்த எண் எந்தப் பிள்ளை என்பது பூட்டின அலமாரியில் இருந்தது. அதைத் தவிர தமயந்தியின் தலைக்குள்ளும் இருந்தது. குழாயில் எண் ஒட்டுகிறவள் அவள்தானே.

பங்குனி மாதத்தில் ஒருநாள் ஐஸ் பெட்டியை வைக்கப் போனபோது வளவன் தட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றில் மட்டும் புள்ளிகளை எண்ண முடியவில்லை. தட்டு முழுக்க நீலம் பூத்திருந்தது.

"இன்னாப்பா இது?"

"அறுவத்திரண்டு. எண்ணவே முடியலக்கா. காகிதமும் சிவப்பு, புரதமும் எக்கச்சக்கம். மூணும் சேந்து இவ்ளோ மோசமா ஒண்ணு வந்ததே இல்ல."

அறுபத்திரண்டு வள்ளிமயில். அம்மையார்குப்பம், நாலு வயது, விசைத்தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. வாயைத் திறந்தால் இருபது பல்லும் அரிசிபோல் இருக்கும். ஒரு கறுப்புப் பொட்டு கிடையாது. டாக்டரே "அழகான பல்லு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

தமயந்தி கல்பனாவிடம் போய் நின்றாள். "மேடம், அந்தப் புள்ளை வீட்ல சொல்லிடலாமா?"

கல்பனா பேனாவைக் கீழே வைத்தார். "எந்தப் பிள்ளைன்னு எங்கிட்ட சொல்லாதீங்க. தமயந்தி, இந்த மூணு அடையாளமும் நெஜம் சொல்லுதான்னு நமக்கே இன்னும் தெரியாது. தெரிஞ்சிக்கத்தான் ஆய்வு. நாளைக்கு இது பொய்யின்னு ஆனா, ஒரு தாயை ஒரு வருஷம் சும்மா பயமுறுத்தி வெச்சவங்க ஆயிடுவோம்."

"நெஜம்னு ஆச்சின்னா?"

அவர் கீழே வைத்த பேனாவை மறுபடி எடுத்தார். "அப்போ அடுத்து வர்ற ஆயிரம் பிள்ளைங்களுக்குச் சொல்லலாம்" என்றார்.

அது நியாயம்தான் என்று தமயந்திக்குத் தெரிந்தது. இருபது நாள் அந்த நியாயத்தைச் சுமந்துகொண்டு திரிந்தாள். தண்ணீர்க் குழாயடியிலும் பேருந்து ஜன்னலிலும் அந்த நீலத் தட்டுதான் தெரிந்தது. இருபத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வேலை இல்லாத நாளில் அம்மையார்குப்பத்துக்குப் பேருந்து ஏறினாள்.

வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. வள்ளிமயிலின் அம்மா சுஜாதா நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளை தரையில் உட்கார்ந்து பால்புட்டியில் சர்க்கரைப் பால் குடித்துக்கொண்டிருந்தது. நாலு வயதாகியும் புட்டியை விடவில்லை, அது இருந்தால்தான் தறிச் சத்தத்தில் தூங்குகிறது என்று சுஜாதா சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"சுஜாதா, கொழந்தைய ஒரு பல் டாக்டராண்ட காட்டிடும்மா" என்றாள் தமயந்தி.

"ஏங்க்கா? பல்லெல்லாம் நல்லாத்தானே கீது? நீங்கதானே பாத்தீங்க."

"மேலுக்கு நல்லாத்தான் கீது. எச்சில்ல வேற மாதிரி காட்டுது. இன்னும் கொஞ்ச நாள்ல பல்லுக்கு நடுவுல புடிச்சிக்கும். இந்தப் புட்டியையும் நிறுத்திடு."

"அட, பால் பல்லுதானேக்கா."

தமயந்தி அதுவரை பக்குவமாகத்தான் பேசினாள். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எல்லாம் கைமீறிப் போயிற்று. பன்னிரண்டு வருஷம் யாரிடமும் சொல்லாததைத் தறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னாள். கிராம்பு, மாத்திரை, வீக்கம், தோளில் கிடந்த கனம், எல்லாவற்றையும் சொன்னாள். வள்ளிமயில் புட்டியை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. தறி நின்றது. சுஜாதாவின் புருஷன் விஜயன் வாசலுக்கு வந்திருந்தான்.

சுஜாதா பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. "எதுக்குக்கா எம் பொண்ணு எதுர்ல செத்த கொழந்த கதைய சொல்றீங்க?"

"உனுக்குத் தெரியணும்னுதான்..."

"ஏம்மா" என்றான் விஜயன். குரலை உயர்த்தவில்லை. "ஒங்களை எச்சில் எடுக்கத்தானே அனுப்பிச்சாங்க? ஞாயித்துக்கெழம வந்து வூட்ல குந்திகினு சாபம் வுடச் சொன்னாங்களா? கெளம்புங்க."

படிவத்தின் அடியில் இருந்த எண்ணுக்கு மறுநாளே அவன் போன் செய்தான். தங்கள் பிள்ளையை இனிமேல் யாரும் தொடக் கூடாது, பெயரை எடுத்துவிடுங்கள் என்றான்.

கல்பனா கோபப்பட்டுக் கத்தியிருந்தால் தமயந்திக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்து, "ஏன்?" என்று மட்டும் கேட்டார். தமயந்தி பையிலிருந்து ஒரு குங்குமச் சிமிழை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே பஞ்சில் ஒரு சின்னப் பல் இருந்தது. தணிகைச்செல்விக்கு விழுந்த முதல் பல், கீழ் முன்பல். கூரைமேல் போடலாம் என்றபோது அவள் தர மாட்டேன் என்று ஒளித்து வைத்துக்கொண்டது. செத்த பிறகு தலையணை உறைக்குள் கிடைத்தது.

நடந்ததைச் சொல்லி முடித்துவிட்டு தமயந்தி கேட்டாள். "மேடம், இதைப் பாத்து சொல்ல முடியுமா? முன்னாடியே தெரிஞ்சிருக்குமா?"

"அந்தக் கிருமி இதுல இத்தனை வருஷம் கழிச்சு நம்பற மாதிரி கிடைக்காது. ஆனா பல்லு எப்படி வளந்துச்சுன்னு பாக்கலாம். அதுக்கு அறுக்கணும். அறுத்தா முழுசா திரும்பக் கிடைக்காது."

தமயந்தி சிமிழை மூடித் திறந்தாள், மறுபடி மூடினாள். "அறுங்க" என்றாள்.

வளவன் அதைக் காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவித் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டினான். கல்பனா உருப்பெருக்கியைச் சரிசெய்து தமயந்தியைப் பார்க்கச் சொன்னார். தேன் நிறத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அதன் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு ஓடியது.

"அந்தக் கோடு எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. பொறந்த அன்னைக்கு விழறது. கோட்டுக்கு உள்பக்கம் உங்க வயித்துல இருக்கறப்ப வளந்தது, வெளிப்பக்கம் பொறந்தப்புறம் வளந்தது. இவளுக்குக் கோடு ரொம்பத் தடிமன். அதுக்கு வெளியில பாருங்க, சரியா இறுகவே இல்ல. பொறந்தப்ப ஏதாவது கஷ்டமா?"

"எட்டாம் மாசம். கடலைக் கொல்லையில நோவு வந்துடுச்சி. பதினோரு நாள் கண்ணாடிப் பொட்டியில வெச்சிருந்தாங்க. பாலே குடிக்கல."

"அதான் இங்க இருக்கு. மத்த பல்லும் இப்படித்தான் மெலிசா இருந்திருக்கணும்."

தமயந்தி கண்ணை எடுக்கவில்லை. மகள் பிறந்த நாள் ஒரு கோடாக இவ்வளவு காலம் சிமிழுக்குள் கிடந்திருக்கிறது. "அப்போ யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதா?"

கல்பனாவுக்கு ஆம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. அவர் முகத்தில் அது தெரிந்தது. "மெலிசுன்னு யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஓட்டை தெரிஞ்சிருக்கும். வாயைத் திறந்து பாத்திருந்தா, ஒரு வருஷம் முன்னாடியே."

"ஆங்" என்றாள் தமயந்தி.

களவேலையிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்கூடத்தில் தட்டு கழுவும் வேலை கொடுத்தார் கல்பனா.

அந்த வாரம் ஒரு மத்தியானம் சேட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் கோட்டைப் பற்றிச் சொன்னாள். எப்படி ஆரம்பித்தாள் என்பது அவளுக்கே தெரியாது. அவன் சோற்றைப் பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டான்.

"பதினோரு நாளும் நான் ஆஸ்பத்திரி வாசல்லியே படுத்துகினு இருந்தேன்" என்றான். பிறகு, "என்னையும் பாக்க வுடுவாங்களா?" என்றான்.

புதன்கிழமை ஆட்டோவைக் கல்லூரிக்கு வெளியே நிறுத்திவிட்டு, காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு அவள் பின்னால் வந்தான். குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான். நிமிர்ந்தபோது கண்ணைத் துடைக்கவில்லை.

"நான் போன் எடுக்காதது இதுல இல்லியே, டாக்டரம்மா" என்றான்.

கல்பனாவுக்குப் புரியவில்லை. தமயந்திக்குப் புரிந்தது. இத்தனை வருஷமாக அந்த வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே பிள்ளையைக் கொன்றுகொண்டிருந்திருக்கிறார்கள். அவள் அவன் முழங்கையைப் பிடித்து வெளியே அழைத்துக்கொண்டு போனாள். திரும்பும் வழியில் அவன் சீட்டுக்குப் பக்கத்தில் கிடந்த போனை எடுத்து இரண்டு முறை பார்த்துக்கொண்டான்.

அடுத்த வருஷம் பல் பார்த்து முடித்தபின் எண்களைப் பிரித்து எச்சில் முடிவோடு ஒப்பிட்டார்கள். மூன்று அடையாளமும் மோசமாக இருந்தவர்கள் முப்பத்தாறு பேர். அவர்களில் இருபத்தைந்து பேருக்குச் சொத்தை வந்திருந்தது. பதினோரு பேருக்கு ஒன்றுமே வரவில்லை. கல்பனாவுக்கு அது நல்ல முடிவு. மேலே ஆராயலாம் என்றார். தமயந்தி அந்தப் பதினோரு பேரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அறுபத்திரண்டுக்கு நேரே வெறும் கோடு போட்டிருந்தது. வள்ளிமயில் அந்தப் பதினோரு பேரில் ஒருத்தியாக இருந்திருக்கலாம். அப்படியானால் ஒரு வீட்டில் வேண்டாத பயத்தைக் கொண்டுபோய்ப் போட்டவள் அவள். இல்லாமலும் இருக்கலாம். இதை அவளுக்குச் சொல்ல எந்தத் தட்டும் இல்லை.

ஆனி மாதத்தில் ஒரு சாயங்காலம். ஆர்.கே.பேட்டை பேருந்து நிறுத்தத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். எதிர்ப்பக்கக் கடை நிழலில் ஒரு பெண் பிள்ளையோடு நின்றிருந்தாள். தமயந்திக்கு அடையாளம் தெரியவில்லை. பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தமயந்தியைப் பார்த்ததும், யாரும் சொல்லாமல், தலையைப் பின்னால் சாய்த்து வாயை முழுசாகத் திறந்து காட்டியது.

மேலே இரண்டு, கீழே ஒன்று. கடைவாய்ப் பல்லில் வெள்ளி நிறத்தில் மூடி போட்டிருந்தது. சாயங்கால வெயிலில் அது பளிச்சென்று தெரிந்தது.

யாருக்குக் காட்டுகிறது என்று சுஜாதா திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுஜாதா சிரிக்கவில்லை, தலையாட்டவும் இல்லை. கையால் பிள்ளையின் மோவாயை மெதுவாக மூடினாள். "பஸ்ஸு வர்து, வா" என்று அதைத் தன் பக்கம் திருப்பி நிறுத்திக்கொண்டாள். பேருந்து வந்து அவர்களை மறைத்தது. அது நகர்ந்தபோது அந்த இடம் காலியாக இருந்தது.

தமயந்தி தன் பேருந்து வந்தும் உடனே ஏறவில்லை. மூடி போடுகிற அளவுக்கு ஆகியிருந்தால் சொத்தை ஆழமாகவே போயிருக்க வேண்டும். எப்போது அழைத்துக்கொண்டு போனார்கள், இவள் பேச்சைக் கேட்டா, பிள்ளை வலியில் அழுத பிறகா என்பதைக் கேட்க இனி வழி கிடையாது. கண்டக்டர் விசில் கொடுத்ததும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மறுநாள் கல்பனாவிடம் அவள் அதைச் சொல்லவில்லை. பார்த்த அன்றே சேட்டுவிடம் சொல்லியிருந்தாள். "எத்தனி பல்லு?" என்று அவன் கேட்டான். மூன்று என்றாள்.